கைவரியை எண்ணாக்கிய அறிஞர்

தில்லை மூதூரில் வழிவழியாக வழங்கிவரும் வரலாறு ஒன்று உண்டு. தேவாரம் அருளிய மூவரின் பாடல்கள் அடங்கிய ஏட்டுச் சுவடிகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறையில் வைத்துக் காப்பிடப்பட்டிருந்தன. அவ்வறையின்மேல் மூவரின் கையிலச்சினை பொறிக்கப்பட்டிருந்தது. சோழ மன்னர் அச்சுவடிகளைக் காண விரும்பியபோது, இலச்சினை இட்டவர்கள் வந்தாலன்றி அறையைத் திறத்தல் ஆகாது என்று கோயிலார் மறுத்தனர். மன்னர் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து, அதன் பின்னரே கதவைத் திறப்பித்தார் என்று திருமுறை கண்ட வரலாறு கூறுகின்றது. பூட்டியவர் கையே திறவுகோலும் ஆதல் வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் எத்துணைப் பழமையானது என்பதை இது காட்டுகின்றதன்றோ?

அவ்வெண்ணம் இன்றும் நம்மிடையே வாழ்கின்றது. கடலூரிலோ சிதம்பரத்திலோ ஒருவர் தம் நிலத்தை விற்க முற்பட்டால், சார்பதிவாளர் அலுவலகத்திற்குச் செல்லுதல் வேண்டும். அங்கே அவர் கையெழுத்திடுவதோடு நில்லாது, தம் பெருவிரலின் வரிகளையும் பதிக்கின்றார். கற்றவர், கல்லாதவர் என்னும் வேறுபாடு அங்கு இல்லை. பிற்காலத்தில் வேறொருவர் அந்நிலம் தமது என்று வழக்காடினால், அல்லது விற்றவரே தாம் விற்கவில்லை என்று மறுத்தால், அச்சிறு பதிவு சான்றாக எழுந்து நின்று உண்மையை உரைக்கும்.

முற்காலத்தில் எழுதப் படிக்க அறியாதவர்கள் ஆவணங்களில் ஒரு கீறலையோ சிலுவை போன்ற குறியையோ இடுவர். அதனைத் தற்குறி என்பர். குறியிட்டவனையே தற்குறி என்று இகழும் வழக்கமும் நாளடைவில் தோன்றியது. கீறலை எவரும் கீறலாம். ஆகவே அதனைக் காட்டி ஏழையின் நிலத்தைக் கவர்வது எளிதாயிருந்தது. ஆனால் விரல் வரியோ ஒருவருக்கு உள்ளவாறு மற்றொருவருக்கு இல்லை. ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்க்கும் அது வேறுபடும். பிறப்பதற்கு முன்பே அமைந்து, இறக்கும் வரை மாறாதிருப்பது அது. மேல்தோல் சிறிது சிதைந்து மீண்டும் வளர்ந்தாலும் பழைய வரிகளே திரும்பவும் தோன்றும். ஏட்டைத் தொட்டறியாத உழவரின் கையிலும் இயற்கை ஒரு முத்திரையை வைத்திருக்கின்றது.

இம்முத்திரையின் அருமையைப் பலர் அறிந்திருந்தனர். எனினும் ஆயிரக்கணக்கான முத்திரைகளுள் வேண்டிய ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியை அமைப்பதில் பெரும்பங்கு கொண்டவர் நம் நாட்டினர் ஒருவர். அவரே காசி அசீசுல் ஹக் என்பவர்.

முன்னோடிகள்

1858ஆம் ஆண்டில் வங்காளத்தில் சங்கிப்பூர் என்னும் இடத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கிலேயர் ஆட்சி அலுவலராக இருந்தார். சாலை போடுவதற்குரிய பொருள்களைத் தருவதற்கு ராச்யதர் கோனாய் என்பவர் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். கோனாய் பிற்காலத்தில் தம் வாக்கை மறுத்தல் கூடாது என்று கருதிய ஹெர்ஷல், அவருடைய உள்ளங்கையில் மை தடவி அதனை ஒப்பந்தத்தாளின் பின்புறத்தில் பதியச் செய்தார். 1877ஆம் ஆண்டில் ஊக்ளி மாவட்டத்தில் பணியாற்றியபோது, ஓய்வூதியம் பெறுவோரிடமும், ஆவணங்களைப் பதிவு செய்வோரிடமும், சிறைப்பட்டவர்களிடமும் விரற்பதிவு பெறும் வழக்கத்தை அவர் தொடங்கினார். இறந்தவர் பெயரால் பிறர் ஓய்வூதியம் பெற்றுவந்த மோசடிக்கு அதனால் தடை ஏற்பட்டது.

பின்னர் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் விரல் வரிகளை ஆராய்ந்து 1892ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் தென்னமெரிக்காவிலுள்ள அர்சென்டினாவில் வுசெட்டிச் என்பவர் தாம் அமைத்த முறையால் கொலை வழக்கு ஒன்றில் உண்மை வெளிப்படத் துணைபுரிந்தார். எனினும் பெரிய தொகுப்புகளில் எளிதாகத் தேடுவதற்கு ஏற்ற முறை இந்தியாவிற்கு இன்னும் கிட்டவில்லை.

இளமையும் கல்வியும்

அசீசுல் ஹக் 1872ஆம் ஆண்டில் வங்காளத்தின் குல்னா மாவட்டத்தைச் சேர்ந்த பாயிக்கிராம் கஸ்பா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் உள்ளது. அவருடைய இளமை துன்பம் நிறைந்தது. பெற்றோர் இருவரும் படகு விபத்தில் உயிரிழந்தனர். அண்ணனின் ஆதரவில் வளர்ந்த சிறுவர், வீட்டில் ஏற்பட்ட மனத்தாங்கலால், பன்னிரண்டாம் வயதில் தனியே கல்கத்தாவிற்குச் சென்றுவிட்டார். அங்கே அவருக்கு உற்றாரும் இல்லை, உதவுவாரும் இல்லை. ஆயினும் அவரிடம் கணக்கில் வியத்தகு திறமை இருந்தது. அதனைக் கண்டு மகிழ்ந்த குடும்பத்தார் ஒருவர் அவரை ஆதரித்துப் பள்ளியில் சேர்த்தனர். ஆதரவற்ற சிறுவர் பின்னர்ப் புகழ்பெற்ற மாநிலக் கல்லூரியில் சேர்ந்து கணிதம் பயின்றார்.

அக்காலத்தில் வங்காளக் காவல் துறைக்குத் தலைவராக இருந்தவர் எட்வர்டு ஹென்றி. குற்றவாளிகளை அடையாளம் காண்பதற்குக் கணக்கில் வல்ல இளைஞர் ஒருவர் தமக்குத் தேவை என்று அவர் 1892ஆம் ஆண்டில் கல்லூரித் தலைவருக்கு எழுதினார். கல்லூரித் தலைவர் அசீசுல் ஹக்கின் பெயரைப் பரிந்துரைத்தார். இருபது வயது இளைஞர் காவல் துறையில் துணை ஆய்வாளராகப் பணி ஏற்றார்.

பணியும் இடர்ப்பாடும்

அப்பொழுது வங்காளக் காவல் துறை பிரெஞ்சு நாட்டவராகிய பெர்டிலான் என்பவரின் உடலளவு முறையைப் பின்பற்றிவந்தது. தலையின் நீளம், கையின் நீளம், பாதத்தின் அளவு முதலியவற்றைக் கருவிகொண்டு அளந்து குறித்து வைப்பதே அம்முறை. ஆனால் ஒருவரையே இருவர் அளந்தால் அளவுகள் இரண்டாயின. அளப்பவர் கையைச் சிறிது அழுத்தினால் எண் குறையும். தளர்த்தினால் எண் கூடும். இத்தகைய அளவை நம்பி ஒருவரைக் குற்றவாளி என்றோ குற்றமற்றவர் என்றோ கூறுவது எங்ஙனம்? பழைய குற்றவாளி பெயரை மாற்றிக்கொண்டு தப்புவதும், குற்றமற்றவர் பிறர் குற்றத்திற்குப் பொறுப்பாவதும் நேர்ந்துவிடக்கூடும் அன்றோ? அசீசுல் ஹக் அம்முறையில் மனநிறைவு கொள்ளவில்லை. அவருடைய உள்ளம் விரல் வரிகளின்பால் சென்றது.

ஆனால் அங்கும் ஒரு பெருந்தடை இருந்தது. எதிரே நிற்கும் ஒருவரின் விரலையும் அவர் முன்னர் இட்ட பதிவையும் ஒப்பிடுவது எளிது. பதிவு அலுவலகத்தில் நிகழ்வது அதுவே. ஆனால் தம் உண்மைப் பெயரை மறைக்கும் ஒருவர் பிடிபட்டால், அவருடைய பழைய பதிவு எங்கே உள்ளது என்று எவ்வாறு அறிவது? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் போன்ற பெரிய நிலையத்தின் நூல்களை எல்லாம் ஓரிடத்தில் குவித்து, அக்குவியலிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தருமாறு கேட்டால் நாம் என் செய்வோம்? நூல்கள் இருந்தும் இல்லாதனபோல் ஆகிவிடும். வரிசையும் எண்ணும் இருந்தாலன்றிச் செல்வமும் சுமையே ஆகும். விரற்பதிவுகளின் நிலையும் அவ்வாறே இருந்தது.

ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

விரல் வரிகள் பெரும்பாலும் மூவகையாக அமையும். சில வில்லைப் போல் வளைந்து செல்லும். சில கண்ணியைப் போல் ஒரு புறத்தில் தொடங்கி, மடங்கி, அப்புறத்திற்கே மீளும். சில நீர்ச்சுழியைப் போல் வட்டமிட்டு நிற்கும். சிறுவர்கள் தம் விரல்களில் சங்கு உண்டா, சக்கரம் உண்டா என்று எண்ணி விளையாடுவதை நாம் கண்டிருக்கின்றோம். அவ்விளையாட்டை ஒத்த ஓர் எண்ணிக்கையே அசீசுல் ஹக்கின் கணக்கிற்கு அடிப்படை ஆயிற்று.

அக்கணக்கு வருமாறு: வலக்கைப் பெருவிரல் தொடங்கிச் சிறுவிரல் வரை ஒன்று முதல் ஐந்து, இடக்கைப் பெருவிரல் தொடங்கிச் சிறுவிரல் வரை ஆறு முதல் பத்து. இப்பத்து விரல்களையும் இரண்டிரண்டாக ஐந்து இணைகளாகக் கொள்ளுதல் வேண்டும். முதல் இணையில் சுழி இருந்தால் அதன் மதிப்பு 16. இரண்டாம் இணையில் 8. மூன்றாம் இணையில் 4. நான்காம் இணையில் 2. ஐந்தாம் இணையில் 1. சுழி இல்லாத விரலுக்கு மதிப்பு இல்லை. இரட்டை எண் பெற்ற விரல்களின் மதிப்புகளைக் கூட்டி, ஒன்றைச் சேர்த்து மேலே எழுதுதல் வேண்டும். ஒற்றை எண் பெற்ற விரல்களின் மதிப்புகளையும் அவ்வாறே கூட்டி, ஒன்றைச் சேர்த்துக் கீழே எழுதுதல் வேண்டும்.

ஒருவருக்கு வலக்கைச் சுட்டுவிரலிலும் இடக்கைப் பெருவிரலிலும் மட்டும் சுழி இருப்பதாகக் கொள்வோம். அவை இரண்டாம் விரலும் ஆறாம் விரலும் ஆகும். அவற்றின் மதிப்புகள் 16, 4. இவற்றோடு ஒன்றைக் கூட்டினால் மேல் எண் 21. ஒற்றை எண் விரல்களில் சுழி இல்லாமையால் கீழ் எண் 1. ஆகவே அவருடைய தாள் 21க்குக் கீழ் 1 என்னும் குறியுடைய அறையில் வைக்கப்படும். அவர் பெயரை மாற்றலாம்; ஊரை மாற்றலாம்; தாடி வளர்க்கலாம். எனினும் அவர் விரல்களைக் கண்டவுடன் அதே எண் தோன்றும். அதே அறை திறக்கப்படும்.

மேல் எண் 32 வகையாகவும் கீழ் எண் 32 வகையாகவும் வருதல் கூடும். எனவே 32 வரிசைகளும் 32 நிரல்களும் கொண்ட பேழை ஒன்று அமைக்கப்பட்டது. அதில் 1,024 சிறு அறைகள் இருந்தன. 1897ஆம் ஆண்டிற்குள் ஏறத்தாழ 7,000 பேரின் பதிவுகள் அப்பேழையில் இடம்பெற்றன. ஓர் அறையில் பல தாள்கள் சேர்ந்தால், கண்ணியின் வரிகளை எண்ணுதல் முதலிய முறைகளால் அவற்றை மேலும் பிரித்து வைக்கலாம். ஆகவே பதிவுகள் இலக்கக்கணக்கில் பெருகினாலும் தேடுவோர் திகைப்படைய வேண்டுவதில்லை.

இப்பணியில் அசீசுல் ஹக்கிற்கு உற்ற துணைவராக இருந்தவர் ஏமச்சந்திர போஸ் என்பவர். அவர் விரல் வரிகளின் உட்பிரிவுகளை வகுத்தார். வரிகளின் அமைப்பைத் தந்தி வழியாகத் தொலைவிலுள்ள ஊருக்கு அறிவிப்பதற்குரிய குறியீட்டு முறை ஒன்றையும் ஆக்கி, 1916ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். உருவத்தை எழுத்தாகவும் எண்ணாகவும் மாற்றி அனுப்பும் முயற்சி அந்நாளிலேயே நம் நாட்டில் நிகழ்ந்தது.

ஏற்பும் வெற்றியும்

1897ஆம் ஆண்டில் அரசாங்கம் குழு ஒன்றை அமைத்து இம்முறையை ஆராய்ந்தது. நில அளவைத் துறைத் தலைவர் ஸ்டிராஹன், வேதியியல் அறிஞர் பெட்லர் ஆகிய இருவரும் அதனைச் சோதித்து, உடலளவு முறையினும் இதுவே சிறந்தது என்று முடிவு செய்தனர். அவ்வாண்டிலேயே இந்திய அரசாங்கம் இதனை ஏற்றுக்கொண்டது. கல்கத்தாவில் விரற்பதிவு நிலையமும் நிறுவப்பட்டது. உலகில் முதன்முதலாகத் தோன்றிய விரற்பதிவு நிலையங்களுள் அஃது ஒன்றாகும்.

அவ்வாண்டிலேயே இம்முறைக்கு ஒரு சோதனை வந்தது. வங்காளத்தின் வடபகுதியில் சல்பாய்குரி மாவட்டத்தில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அவருடைய பொருள்களும் களவு போயிருந்தன. அங்கே கிடந்த பஞ்சாங்கம் ஒன்றில் குருதிக்கறை படிந்த பெருவிரல் அடையாளம் காணப்பட்டது. அதனைக் கல்கத்தா நிலையத்திற்கு அனுப்பினர். முன்னர்த் திருட்டுக் குற்றத்திற்காகத் தண்டனை பெற்ற பணியாள் ஒருவனின் பதிவோடு அது பொருந்தியது. வழக்கை ஆராய்ந்த நீதிமன்றம், திருட்டுக் குற்றம் மட்டுமே ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது என்று கண்டு, அதற்குரிய தண்டனையை மட்டும் 1898ஆம் ஆண்டில் விதித்தது. கொலைக் குற்றத்திலிருந்து அவனை விடுவித்தது. விரல் அவன் அங்கிருந்ததைக் கூறியதேயன்றி, அவன் கொன்றதைக் கூறவில்லை. சான்று எவ்வளவு கூறுகின்றதோ அவ்வளவே கொள்ளுதல் வேண்டும் என்னும் நீதியும் அவ்வழக்கில் விளங்கிற்று. 1899ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, விரற்பதிவு வல்லுநரின் கருத்து நீதிமன்றங்களில் சான்றாக ஏற்கப்பட்டது.

மறைந்த புகழ்

1900ஆம் ஆண்டில் எட்வர்டு ஹென்றி இம்முறையை விளக்கி ஒரு நூலை வெளியிட்டார். 1901ஆம் ஆண்டில் இலண்டனிலுள்ள ஸ்காட்லாந்து யார்டு என்னும் புகழ்பெற்ற காவல் தலைமையகம் இதனை மேற்கொண்டது. பின்னர்ப் பல நாடுகளுக்கும் இது பரவியது. எங்கும் இதற்கு ஹென்றி முறை என்பதே பெயர். ஹென்றி இலண்டன் மாநகரக் காவல் துறைக்கே தலைவராக உயர்ந்தார். இம்முறையைத் தேர்ந்து, ஊக்கி, உலகறியச் செய்த பெருமை அவருக்கு உரியதே. ஆனால் கணக்கை வகுத்த கல்கத்தா இளைஞரின் பெயரை உலகம் அறியவில்லை.

அசீசுல் ஹக் இதனால் மனமுடைந்து தம் கடமையைக் கைவிட்டாரல்லர். 1912ஆம் ஆண்டில் பீகார் தனி மாகாணமாகப் பிரிந்தபோது அம்மாகாணக் காவல் துறையில் சேர்ந்து பணியாற்றினார். 1913ஆம் ஆண்டில் கான் சாகிப் என்னும் பட்டமும், 1924ஆம் ஆண்டில் கான் பகதூர் என்னும் பட்டமும் அவருக்குக் கிடைத்தன. தம் உழைப்பிற்குரிய ஏற்பை அவர் முறைப்படி வேண்டினார். அரசாங்கம் அவருக்கு 5,000 ரூபாய் பரிசளித்தது. ஏமச்சந்திர போசுக்கும் அவ்வளவு தொகையே அளிக்கப்பட்டது. 1926ஆம் ஆண்டில் ஹென்றி எழுதிய கடிதம் ஒன்றில், இம்முறையைச் செம்மை செய்வதில் தம் அலுவலர் அனைவரினும் மிகுதியாகப் பங்காற்றியவர் அசீசுல் ஹக்கே என்று ஒப்புக்கொண்டார். கால் நூற்றாண்டு கழிந்த பின்னரேனும் உண்மை வெளிப்பட்டது. அசீசுல் ஹக் பீகாரில் மோதிகாரி என்னும் ஊரில் ஓய்வு வாழ்க்கை நடத்தி, 1935ஆம் ஆண்டில் மறைந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் விரற்பதிவு வல்லுநர் கழகம் ஹக், போஸ் ஆகிய இருவரின் பெயராலும் ஆராய்ச்சிப் பரிசு ஒன்றை அமைத்தது.

கணினிக் காலம்

இன்று பேழையின் இடத்தைக் கணினி பெற்றுள்ளது. விரலைக் கண்ணாடித் தகட்டின்மேல் வைத்தவுடன் கருவி அதன் உருவத்தை வாங்கிக்கொள்கின்றது. வரிகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகக் கிளைக்கின்றன, எத்திசை நோக்கிச் செல்கின்றன என்பவற்றை எல்லாம் எண்களாக மாற்றி, முன்னர்ப் பதிந்துள்ள எண்களோடு ஒப்பிடுகின்றது. ஹக் அமைத்த அறைகளை இக்கணினிகள் அவ்வாறே பயன்படுத்துவதில்லை. எனினும் வரியை எண்ணாக்கினால் தேடலாம் என்னும் நெறி அதுவே. கைப்பேசி தன் உரியவரை அறிந்து திறப்பதும், நியாயவிலைக் கடையில் உரியவருக்கே அரிசி வழங்குவதும் இந்நெறியால் நிகழ்வனவே. நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு அளிக்கப்பட்டுள்ள ஆதார் எண்ணுக்கும் பத்து விரல்களின் வரிகளும் கண்ணின் கருவிழிப் பதிவும் அடிப்படையாக உள்ளன.

ஆயினும் கருவி கருவியே. கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிப் பகுதி முந்திரிக்குப் பெயர் பெற்றது. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரிக்கும் இயல்புடையது. அதனை உடைப்போரின் விரல் வரிகள் தேய்ந்துபோதல் கூடும். நாற்று நடுவோர், கல் சுமப்போர், முதியோர் ஆகியோர்க்கும் இந்நிலை நேர்வதுண்டு. உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி அறியவில்லை என்பதற்காக, உரிய அரிசியை மறுத்தல் அறமாகாது. அத்தகையோர்க்குக் கருவிழிப் பதிவு முதலிய பிற வழிகளும் வேண்டும். அன்றியும் கடவுச்சொல் களவு போனால் வேறொன்றை அமைத்துக்கொள்ளலாம். விரல் வரி களவு போனால் வேறு விரலுக்கு எங்கே செல்வது? ஆகவே அப்பதிவுகளைக் காத்தல் அவற்றைத் திரட்டியவர்களின் பெருங்கடமையாகும்.

மாணவர்களே! பெற்றோரை இழந்து, ஊரைவிட்டு வந்த சிறுவர் ஒருவர் தம் கணக்கறிவையே துணையாகக் கொண்டு உலகிற்குப் பயன்படும் முறையொன்று உருவாகப் பெரும்பங்காற்றினார். ஒவ்வொருவரையும் அவரவர் கையாலேயே அறிந்துகொள்ள வழிகாட்டியவர், தாம் செய்த பணிக்குத் தம் பெயரைப் பெறுவதற்கு நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. பிறர் உழைப்பைப் பயன்படுத்தும்போது உழைத்தவர் பெயரையும் கூறுதல் நன்றியறிதலின் முதற்படியாகும். நிலத்திற்கு உரியவர் யார் என்று ஆராய்வது எத்துணை இன்றியமையாததோ, அறிவின் பயனுக்கு உரியவர் யார் என்று ஆராய்வதும் அத்துணை இன்றியமையாததே.